அரிசி ஆலையிலிருந்து வந்த பெரியவர்

வாழைத் தோட்டத்துக் கிணற்றடியில் ஒரு சின்ன மோட்டார் இருந்தது. அதற்குக் காவலாக ஒரு குட்டி ரிலே. மோட்டாருக்குச் சூடு அளவு மீறினால் போதும், குட்டி 'டக்'கென்று மின்சாரத்தை வெட்டிவிடும்.

"பயந்தாங்கொள்ளிப் பயலே! ஒரு நாளாவது என்னை நிம்மதியாக ஓட விடுகிறாயா?" என்று மோட்டார் ஏசும்.

"உங்கள் பம்பில் மண் அடைத்திருக்கிறது அண்ணே. அந்த இழுப்பில்தான் சூடு ஏறுகிறது."

தோட்டக்காரர் மாசிலாமணிக்கும் அலுத்துவிட்டது. பம்பை யார் பிரித்துப் பார்ப்பது? குட்டியைக் கழற்றிவிட்டு, அரிசி ஆலையில் ஒரு ராட்சத மோட்டாரைக் காத்துவந்த பெரிய ரிலேயை வாங்கி வந்து மாட்டினார்.

சின்ன மோட்டாருக்குத் தலைகால் புரியவில்லை. காலையிலிருந்து நிற்காமல் ஓடியது. மத்தியானம் உடம்பெல்லாம் கொதித்தது.

"பெரியவரே, சுடுகிறது! கொஞ்சம் நிறுத்துங்களேன்!"

"இதெல்லாம் ஒரு சூடா தம்பி? ஆலையில் நான் பார்க்காத சூடா? ஓடு, ஓடு."

"ஐயோ, உள்ளே கம்பிச்சுருள் கருகுகிறது ஐயா!"

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெம்பே இல்லை."

கடைசியில் மோட்டாரிலிருந்து கிளம்பிய புகை, ரிலே மாட்டியிருந்த சுவிட்சுப் பெட்டிவரை வந்தது. பெரியவர் முகம் சுளித்தார்.

"யாரப்பா அங்கே, வேலை நேரத்தில் பீடி பிடிப்பது?"