மழையில் நிற்கிற டயர்

"ரொம்ப நாள் உழைக்கணும்னு நான் கேக்கலம்மா. மழையில பிரேக் புடிச்சா வண்டி நிக்கணும். அந்த மாதிரி டயர் இருக்கா?"

கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு, நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தபடி கேட்டார் பெரியவர். அவரைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்த இளைஞன், வாசலில் மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திக்கொண்டிருந்தான்.

கடைக்காரம்மா எட்டிப் பார்த்தாள். பின் டயர் சுத்தமாக மொட்டை. முன் டயர் அதற்குக் கொஞ்சம் தேவலை.

டயர் மாட்டுவது அவள் கணவரின் வேலை. விற்பது அவள் வேலை. வருகிறவர்கள் யார், என்ன என்று விசாரிப்பதும் அவள் வேலைதான். அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டது.

"ரெண்டு வகை இருக்குங்க," என்று டயர்களை இறக்கி வைத்தாள். "இது கெட்டி ரப்பர். ரொம்ப நாள் வரும். இது மெத்துனு இருக்கும், சீக்கிரம் தேயும். ஆனா ஈரத்துல ரோட்டை நல்லாக் கவ்விப் புடிக்கும். பாருங்க, தண்ணி ஒதுங்கறதுக்கு எவ்வளவு ஆழமா வரி வெட்டியிருக்கு."

பெரியவர் கெட்டி டயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்றதை மடியில் வாங்கி, வரிகளுக்குள் விரல் விட்டுப் பார்த்தார்.

"சார், அந்தக் கெட்டி டயரே போதுமே," என்றான் இளைஞன் வாசலிலிருந்து. "அடிக்கடி மாத்துற வேலை இல்ல."

"நீ சும்மா இரு. உன் யோசனையோட லட்சணத்தைத்தான் பார்த்தாச்சே."

கடைக்காரம்மாவுக்குக் காது விடைத்தது. அப்பாவும் மகனும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். பெற்ற அப்பனை எவன் சார் என்று கூப்பிடுவான்?

"தம்பி உங்ககிட்ட வேலை பாக்கறாருங்களா?"

"இல்லம்மா. எனக்கு ஒரு சின்ன அச்சகம். இவன் வீடு வீடா பார்சல் கொண்டு போய்க் குடுக்கறவன்."

"அப்ப சொந்தம்?"

"போன வருஷம் இவன் மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்ல." பெரியவர் டயரை முகர்ந்து பார்த்துக்கொண்டே சொன்னார். "இப்ப என்னடான்னா, இவன் வாசல்ல வந்து ஹாரன் அடிச்சாத்தான் என் வீட்டுக்காரிக்குப் பொழுதே விடியுது. இவனுக்குன்னு தனியா எடுத்து வச்சுட்டு, மிச்சத்தைத்தான் எனக்குப் போடறா."

கடைக்காரம்மா நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்குப் பொண்ணு இருக்காங்களா?"

"ஒரே பொண்ணு. ஆரம்பத்துல இவன் பேரை எடுத்தாலே கரிச்சுக் கொட்டுவா. இப்ப பரவாயில்ல. முகம் குடுத்துப் பேசறா."

அவ்வளவுதான், கடைக்காரம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த கணவரிடம் போய், "மாப்பிள்ளையாகப் போற பையன். மாமனாரே டயர் வாங்கித் தர்றாரு பாருங்க," என்றாள் மெதுவாக.

"உனக்கெதுக்கு அது? அந்த நெம்புகோலை எடு," என்றார் அவர்.

"பின் டயர் மட்டும் மாத்தினாப் போதும் சார்," என்று இளைஞன் மறுபடி ஆரம்பித்தான். "முன்னது இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

கணவர் நிமிர்ந்தார். "பிரேக் புடிக்கறப்போ பாரம் முன்னாடிதான் சாயும் தம்பி. நிக்கணும்னா முன் டயரும் நல்லா இருக்கணும்."

"ரெண்டையும் மாத்துங்க," என்றார் பெரியவர்.

பணத்தை அவர் எடுக்கப் போக, இளைஞன் ஓடி வந்து தடுத்து, தானே கொடுத்தான். ரோஷக்காரப் பையன் என்று கடைக்காரம்மா மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். அந்த வீட்டுப் பெண் கொடுத்து வைத்தவள்தான்.

இரண்டு சக்கரமும் பூட்டி, காற்று பார்த்து முடித்ததும் கணவர் சொன்னார். "புது டயர் முதல்ல கொஞ்சம் வழுக்கும். மேல்பூச்சு தேயற வரைக்கும் மெதுவாப் போகணும்."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் பெரியவர்.

"கேட்டுக்கிட்டேன் சார்."

இளைஞன் வண்டியைச் சாய்த்துப் பிடித்தான். பெரியவரின் வலது காலை இரண்டு கையாலும் ஏந்தி, இருக்கையைத் தாண்டி அந்தப் பக்கம் பதமாக வைத்தான். இவ்வளவு பணிவிடை செய்கிற மருமகன் கிடைப்பானா என்று கடைக்காரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"கல்யாணம் எப்பங்க?"

"யாருக்கு?"

"இந்தத் தம்பிக்கும் உங்க பொண்ணுக்கும்."

இளைஞன் திடுக்கிட்டுத் திரும்பினான். பெரியவர் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது.

"என் பொண்ணோட பிள்ளை பள்ளிக்கூடம் போகுதும்மா."

"அப்ப இந்தத் தம்பி உங்களுக்கு யாருதாங்க?"

"ஒரு நாள் மழையில பிரேக் புடிச்சும் நிக்காம வந்து, என் கால் மேல வண்டியை ஏத்தினவன்," என்றார் பெரியவர், அவன் தோளைப் பிடித்துக்கொண்டு. "அன்னைக்கு ஓடிப் போகாம தூக்கிட்டுப் போனான். இன்னிக்கு வரைக்கும் தினமும் வந்து, இதே வண்டியில என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறான். மிச்சம் இருக்கற ஒரு காலையாவது நான் காப்பாத்திக்க வேணாமாம்மா?"