அடடா சொல்லக் கூடாது

“இருமல் வந்தா முழுங்கிடு. தும்மல் வந்தா மூக்கைப் பிடிச்சுக்கோ. ‘ஐயோ’, ‘அடடா’ எதுவும் வாயிலேர்ந்து வரக் கூடாது. புரியுதா?”

சூப்பர்வைசர் காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையாட்டினாள்.

“கேட்ட உடனே பதில் சொல்லாதே. மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டு அப்புறம் சொல்லு. அவசரப்பட்டா நீ உளறுவே.”

அதுவும் உண்மைதான். பிறந்த வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் வாயால் இரண்டு வேலைகள் கெட்டிருந்தன. துணிக்கடையில் வாங்க வந்த அம்மாளிடமே, “இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதும்மா” என்று உள்ளதைச் சொல்லி ஒரு வேலை போயிற்று. அடுத்த வேலை போன கதையும் ஏறக்குறைய இதுதான். இப்போது கணவர் கால் எலும்பு முறிந்து கட்டிலில் கிடக்கிறார். இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

“இன்னிக்கு நம்மகிட்ட பேசப்போற கம்பெனி போன், லேப்டாப், பிரிண்டர் எல்லாம் விக்குது. வாங்கினவங்க கேக்கற சந்தேகத்தையெல்லாம் நம்மகிட்ட விட்டுடலாமான்னு இன்னிக்கு முடிவு பண்றாங்க. அவங்க மேனேஜரம்மா வாடிக்கையாளர் மாதிரி பேசிச் சோதிப்பாங்க. முதலாளியும் பக்கத்துல உட்கார்ந்து கேட்பார். வேணும்னே வம்புக்கு இழுப்பாங்க. நீ வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டா உன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு.”

அவர் மின்விசிறியை நிறுத்தினார். அந்தச் சத்தம்கூடக் கேட்கக் கூடாதாம். சுவரெல்லாம் பழைய மெத்தையைக் கிழித்து ஒட்டிய சின்ன அறை. இரண்டே நிமிடத்தில் முதுகு நனைந்துவிட்டது.

மணி அடித்தது.

“வணக்கம். உதவி மையம். உங்களுக்கு என்ன உதவி தேவை?”

“வாங்கி ஆறு மாசம்கூட ஆகலை, போன்ல சார்ஜ் ஏறலை. என்னத்தைத் தலையில கட்டினீங்க?”

ஒன்று, இரண்டு.

“போனை அணைத்துவிட்டு, சார்ஜர் செருகும் துளையில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். நூலும் தூசியும் அடைந்திருக்கலாம். பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டாம்.”

சூப்பர்வைசர் கட்டைவிரலைக் காட்டினார்.

“ஆபீஸ் பிரிண்டர் ஒரு கம்ப்யூட்டர்ல வேலை செய்யுது. இன்னொண்ணுல செய்ய மாட்டேங்குது.”

“இரண்டாவது கணினி வேறு வைஃபையில் இணைந்திருக்கலாம். பிரிண்டர் இருக்கும் அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள்.”

“புரியலை.”

மறுபடி சொன்னாள்.

“புரியலைங்கறேன்ல!”

அதே வார்த்தைகளை அதே வேகத்தில் இன்னொரு முறை சொன்னாள். காதைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறீர்களா என்று கேட்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“முட்டாள்! உனக்கெல்லாம் எவன் சோறு போடறான்?”

அவளுக்குக் காது மடல் சுட்டது. ஒன்று, இரண்டு.

“வேறு ஏதாவது உதவி தேவையா?”

அந்தக் குரல் இறங்கி வந்தது.

“என் போன் தண்ணில விழுந்துடுச்சும்மா. அரிசில போட்டு வெச்சிருக்கேன்.”

“அரிசி வேண்டாம். அதன் தூசி உள்ளே போகும். போனை அணைத்து, துடைத்து, காற்றோட்டமாக வையுங்கள். சார்ஜ் போட வேண்டாம்.”

“அதுல என் பொண்ணு பாடின வீடியோ இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. வேற எங்கயும் ஏத்தி வைக்கலை.” குரல் உடைந்தது. “போன மாசம் காய்ச்சல்ல போயிட்டாம்மா. எட்டு வயசு. அந்தப் பாட்டைக் கேக்காம எனக்குத் தூக்கமே வராது.”

இது சோதனைதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பெற்ற பெண்ணைச் சொல்லி யாராவது பொய்யாக அழுவார்களா? காலையில் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்பிய தன் மகள் கண்முன் வந்து நின்றாள். ‘அழாதீங்கக்கா’ என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. சூப்பர்வைசர் இரண்டு கைகளையும் கூப்பிக் கெஞ்சினார்.

தொடையை அழுத்திக் கிள்ளிக்கொண்டாள். ஒன்று, இரண்டு.

“வீடியோவை மீட்க வாய்ப்பு உள்ளது. போனைத் திறக்காமல் சர்வீஸ் சென்டரில் கொடுக்கவும். வேறு ஏதாவது உதவி தேவையா?”

சொல்லி முடித்ததும் தன்னை நினைத்து அவளுக்கே வெறுப்பாக இருந்தது. இவ்வளவு கல்நெஞ்சமா சம்பளத்துக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் தேம்பல் சட்டென்று நின்றது. மேனேஜரம்மா போனை வைக்காமலே, பக்கத்தில் இருந்த முதலாளியிடம் சாதாரணமாகப் பேசத் தொடங்கினார்.

“எனக்கிருந்த சந்தேகம் தீர்ந்துச்சு சார். உள்ள ஆளை ஒளிச்சு வெச்சுப் பேசவிட்டு நம்மளை ஏமாத்தறாங்களோன்னு நினைச்சேன். பொண்ணு செத்துட்டான்னு இல்லாத பொண்ணுக்கு அழுதேன், ஒரு ‘அடடா’கூட வரலையே! அசல் கம்ப்யூட்டர்தான் பேசுது. வாங்கிடலாம். நம்ம போன் ரூம்ல பதில் சொல்ற பொண்ணுங்க அத்தனை பேரையும் இந்த மாசத்தோட நிறுத்திடலாம்.”

லைன் அறுந்தது. சூப்பர்வைசர் மின்விசிறியைப் போட்டுவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

“அந்தப் பொண்ணுங்களை எப்படியாவது பிடிச்சாகணும். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு நீ ஒரு கம்ப்யூட்டர் பத்தாது.”