மசியாத வாண்டு

"ஓட்டைப்பல்லி, இங்க வாடி!"

தண்ணீர் குடிக்க வெளியே வந்த குட்டியை ஞாயிறு பள்ளி வராந்தாவிலேயே மடக்கினாள் பதினாறு வயதுச் சின்ன டீச்சர். போன மாதம் வரை தன்னை ஒட்டிக்கொண்டு வேதப்பாடம் கேட்ட வாண்டுகளையெல்லாம், வளர்ந்துவிட்டார்கள் என்று சொல்லிப் புது டீச்சரிடம் மாற்றிவிட்டார்கள். அந்த அறையில் எழும் சிரிப்பைக் கேட்கக் கேட்க அவளுக்கு வயிறு எரிந்தது. இன்றும் தன் அறை காலியாகக் கிடந்தால் வகுப்பையே மூடிவிடுவார்கள் என்ற பயம் வேறு.

"என் கிளாசுக்கே திரும்பி வந்துடு. சாக்லேட் தரேன்."

குட்டி எச்சில் விழுங்கினாள். "வேணாங்க்கா."

"எல்லாரையும் கூட்டிட்டு வா, டப்பாவே உனக்குத்தான்."

"ம்ஹூம். புது கிளாஸ விட்டுப் பாதியில ஓட மாட்டேன்னு இயேசப்பாகிட்ட சொல்லிட்டேன். பைபிள் கதையில, நெருப்புல போடுவேன்னு ராஜா மிரட்டினப்பகூட அந்த மூணு அண்ணனுங்களும் கடவுளை விட்டு மாறலையே. நான் சாக்லேட்டுக்கு மாறலாமா?"

"நல்லாத்தான் ஓதி வெச்சிருக்கா அந்த மகராசி! கதை சொல்லியே உங்களை மயக்கிட்டாளா?"

"யாரு, புது டீச்சரா? அவங்க இன்னும் ஆதாம் ஏவாளையே தாண்டலக்கா. நீங்கதானே சிவப்புப் போர்வையை ஆட்டி, இதான் நெருப்புன்னு அந்தக் கதையைச் சொல்லிக் குடுத்தீங்க?"

சின்ன டீச்சர் டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"போடி... உன் டீச்சர் தேடுவாங்க."