நின்ற வண்டி ஓடிய தூரம்

"சாவியை மேசையில வெச்சுட்டுப் போ. இனிமே உனக்கும் இந்த வேனுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

சலவைக் கடை முதலாளியம்மா இப்படிச் சொல்லியும் வேன் டிரைவர் வாயே திறக்கவில்லை. அதுதான் அதிசயம். ஹோட்டல்களில் அழுக்குத் துணி எடுத்துத் திரும்புவதற்குள் ஊர்க்கதை முழுவதையும் ஒலிபரப்பிவிடுகிற ஆள் அவன். 'ரேடியோ' என்று பெயர் வைத்ததே அவள்தான். இன்று ஸ்டேஷன் மூடிக் கிடந்தது.

"பத்து வருஷமா கூடப் பொறந்த தம்பி மாதிரி நெனச்சேனே! சாயங்காலம் ஷெட்டுல விட்ட வண்டி, விடியறதுக்குள்ள பதினெட்டு கிலோமீட்டர் எப்படி ஓடும்? தானாவே காத்து வாங்கப் போச்சா?"

"நான் வெளிச் சவாரி எதுவும் அடிக்கலக்கா. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

அவள் கணவர் இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜிபிஎஸ் பெட்டியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி மாட்டியவர் அவர்தான். வேனின் மீட்டர் செத்துப்போய் மாதக்கணக்காகிறது; இனி இது கணக்குச் சொல்லும் என்றார். சொல்லிவிட்டது.

"அவசரப்படாதே. பெட்டி மாட்டின பொண்ணை வரச் சொல்லியிருக்கேன். மெஷின் தப்புப் பண்ணாதா? இவனை அனுப்பறதா இருந்தா என்னையும் சேர்த்து அனுப்பிடு."

"உங்களை எங்க அனுப்பறது? அங்கயும் நான்தானே கொண்டுபோய் விடணும்!"

சொல்லிவிட்டு வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். கார் ஓட்டி ஓட்டி வந்த வலி. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பேரனைப் பார்க்க மத்தியானம் நெடுந்தூரம் போக வேண்டும். தைல வாசனை இஸ்திரிப் புகையையும் மீறி அடித்தது.

"தினமும் விடியக்காலையில ஷெட்டைத் தாண்டித்தானே வாக்கிங் போறீங்க? வண்டி நின்னுச்சா, இல்லையா?"

"நிக்கும்... நின்னுச்சு... அந்த இருட்டுல என்ன தெரியுது?"

டிரைவருக்காக மனுஷன் எப்படித் தவிக்கிறார் பார் என்று இஸ்திரி போடும் பெண்கள் உருகிப்போனார்கள்.

ஜிபிஎஸ் பெண் லேப்டாப்போடு வந்தாள். ஷெட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மேலே தகரக் கூரை, இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள். வானம் ஒரு கீற்றுதான் தெரிந்தது.

"மேடம், இங்க பாருங்க."

எல்லோரும் திரையை எட்டிப் பார்த்தார்கள். வேன் கண்ணெதிரே அசையாமல் நின்றது. திரையில் இருந்த வேனோ எதிர்க் கட்டடத்துக்குத் தாவி, மறுபடி ஷெட்டுக்குத் திரும்பியது.

"தகரமும் சுவரும் சிக்னலைத் தட்டித் தட்டி விடுது. அதனால பெட்டிக்கு இடம் குழம்பிப் போகுது. அந்தத் தாவலையெல்லாம் விடிய விடியக் கூட்டினா, கிலோமீட்டர் ஏறாம என்ன செய்யும்? இந்தப் பதினெட்டுல பெரும்பங்கு இப்படி வந்ததுதான்."

"நின்ன இடத்துலயே தள்ளாடுற குடிகாரன் ஊரைச் சுத்தி வந்தேன்னு சொன்ன கதையால்ல இருக்கு!"

"அதேதான் மேடம். இன்ஜின் ஓடும்போது மட்டும் தூரத்தை எண்ணுன்னு மாத்திடறேன். இனிமே நின்னா நின்னதுதான்."

மாற்றினாள். முதலாளியம்மா லேசில் நம்புகிறவள் இல்லை. ஒரு மூட்டைப் படுக்கை விரிப்புகளை மடித்து முடிக்கும்வரை திரையிலேயே கண் வைத்திருந்தாள். எண் அசையவே இல்லை.

"அப்பாடா!" என்றாள். நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. சாவியை எடுத்து ரேடியோவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"கோபத்துல வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்டா. மனசுல வெச்சுக்காதே."

அவள் கண் கலங்கியதைப் பார்த்து அவனும் கலங்கினான். அப்போதும் ஒன்றும் பேசவில்லை. ஊருக்குக் கிளம்பப் பையை எடுக்க அவள் உள்ளே போனாள்.

ஜிபிஎஸ் பெண் குரலைத் தாழ்த்தினாள். "சார், பதினஞ்சு கிலோமீட்டர்தான் தள்ளாட்டம். மீதி மூணு நிஜம். தினமும் விடியக்காலையில இன்ஜின் ஸ்டார்ட் ஆகியிருக்கு. தெருமுனைத் திருப்பத்துல மட்டும் அஞ்சாறு தடவை அணைஞ்சு அணைஞ்சு ஸ்டார்ட் ஆகுது. பத்து வருஷம் வண்டி ஓட்டின கை இப்படி நிறுத்தாது. யாரோ புதுசா கிளச் பழகற மாதிரி இருக்கு. நாளையிலேர்ந்து இது மட்டும் கணக்குல தனியாத் தெரியும். மேடம் கேட்டா நான் மறைக்க மாட்டேன்."

ரேடியோ தரையைப் பார்த்தான்.

"நாளைக்கு அது இருக்காதும்மா" என்றார் அவர்.

முதலாளியம்மா பையும் கார் சாவியுமாக வந்தாள். "கிளம்பலாமா? இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்."

அவர் குறுக்கே போய் நின்றார். சட்டைப் பையிலிருந்து மெருகு கலையாத ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். அதில் அவருடைய போட்டோ விறைப்பாக முழித்துக்கொண்டிருந்தது.

"முந்தாநாள்தான் லைசென்ஸ் கைக்கு வந்துச்சு. பேரனைப் பார்க்கக் கிளம்பறப்ப உன்னை அசத்தணும்னு இவன் வாயையும் கட்டிப்போட்டுட்டேன், பாவம். சாவியை இப்படிக் குடு. இன்னிலேர்ந்து உன் தோளுக்கு லீவு."

முப்பது வருடமாகப் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டே வந்த மனுஷனை அவள் இமைக்காமல் பார்த்தாள்.

"தைரியமாக் குடுங்கக்கா!" ஸ்டேஷன் திறந்துவிட்டது. "நேர் ரோட்டுல அண்ணன் ராஜா. திருப்பம் வந்தா மட்டும் கண்ணை மூடிக்குங்க!"