துவாய்க்குள் ஒளித்த பஃபர்

கனடாவில், ஸ்காபரோவின் அந்த மூடிய நீச்சல் தடாகத்தில் குளோரின் நெடி கண்ணைக் கரிக்கிறது. கண்ணாடிச் சுவரெல்லாம் வேர்த்து வழிகிறது. ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. கரையைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நிற்கும் பன்னிரண்டு வயது அட்சயாவின் தோள்கள் ஏறி இறங்க, நெஞ்சு கீச்சுக் கீச்சென்று இழுக்கிறது. "டோன்ற் பி லேசி, அட்சயா! ஃபோர் மோர்!" என்று கோச் கத்துகிறான். மேலே பார்வையாளர் வாங்கில் இருக்கும் தாய் பிரதீபா, துவாய்க்குள் சுருட்டி ஒளித்த நீல ஆஸ்துமா பஃபரை இறுகப் பிடிக்கிறாள். 'பெட்டைக்கு முட்டு வருத்தமெண்டு ஒருத்தருக்கும் காட்டாதை, நாளைக்குக் கலியாணம் பேசேக்கை கதைப்பினம்' என்பது புருஷனின் கட்டளை. "தலையை ஈரத்தோட விட்டா இப்பிடித்தான் சளி பிடிக்கும்" என்கிறாள் பக்கத்திலிருக்கும் றெஜினா. அவளுடைய மகனும் அதே தண்ணீருக்குள் நின்றுதான் இருமுகிறான். பிரதீபாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "ஈரமில்லை அக்கா, உந்த நெடி! வருசக்கணக்கா இதைத்தானே பிள்ளையள் இழுக்குதுகள். பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது, உவனுக்கு அது லேசியாம்!" படிகளில் தடதடவென்று இறங்குகிறாள். எல்லாரும் பார்க்கத் துவாயை விரித்து, பஃபரை எடுத்து மகளின் வாயில் வைக்கிறாள். "இழு பிள்ளை, நல்லா இழு." கோச்சின் விசில் ஊதப்படாமல் வாயிலேயே நிற்கிறது. மேலே ஒரு கைப்பையின் சிப் திறக்கிற சத்தம். றெஜினா எழுந்து இறங்கி வருகிறாள், கையில் இன்னொரு நீலப் பஃபர்.