மலையில் எட்டு யன்னல்

தவமணிதேவி பூதக்கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்து, தங்கையின் வீட்டு யன்னல்களை மூன்றாவது தடவையாக எண்ணினாள். ஆல்ப்ஸ் மலைச்சரிவில் அழகான மரவீடு. வாசலில் பவதாரணி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

“எட்டு யன்னல்! சுவிஸுக்குப் போய் ஒண்டரை வருசம் ஆகேல்ல, அதுக்குள்ள மலையில மாளிகை.”

“நல்லா இருக்கட்டுமன்,” என்றார் கணவர் பஞ்சலிங்கம், தங்கைக்கான பார்சல் பெட்டிக்கு டேப் ஒட்டியபடி.

“ஆர் வேண்டாமெண்டது? நான் அமெரிக்காவில இந்தப் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து பதினொரு வருசம். இண்டைக்கும் யன்னலைத் திறந்தா பார்க்கிங் லொட்தான்.”

இரண்டாவது படத்தை எடுத்தாள். அது தை மாதத்துப் படம். கூரையில் முழங்காலளவு பனி, யன்னல்தோறும் அதே சிவப்புப் பூக்கள்.

“பாருங்கோ, இந்தக் குளிரிலயும் ஒரு பூ வாடேல்ல! ஆள் வைச்சுப் பராமரிக்கிறாள் போல.”

“உனக்கு விசர்.”

“விசர்தான். இவ்வளவும் இருக்க, எங்கட பழைய கம்பளிக் கோட்டுகளை அனுப்பச் சொல்லிக் கேக்கிறாளே, நக்கல்தானே அது?”

ஒட்டிய டேப்பைப் பிய்த்து, கோட்டுகளை வெளியே இழுத்துப் போட்டாள். அப்போதும் ஆத்திரம் ஆறவில்லை. படங்களோடு வந்த கடிதத்தின் கீழிருந்த எண்ணுக்கு காலிங் கார்டில் அழைத்தாள்.

புரியாத பாஷையில் யாரோ ஒருத்தி எடுத்து, “பவா!” என்று உள்ளே பார்த்துக் கூவினாள்.

“வேலைக்காரியும் இருக்கு,” என்று தவமணி புருசனிடம் பல்லைக் கடித்தாள்.

“அக்கா! கோட்டு அனுப்பிட்டீங்களோ?”

“மாளிகைக்காரிக்கு எங்கட பழசு எதுக்கடி? அனுப்பேலாது.”

“மாளிகையோ?” பவதாரணி சிரித்துவிட்டாள். “அது கோட்டை அக்கா. உலக யுத்தத்தில ஜெர்மன்காரன் வருவானெண்டு மலையைக் குடைஞ்சு கட்டினது. பிளேனில வாறவன் வீடெண்டு ஏமாறட்டுமெண்டு முகப்பில பூவெல்லாம் வைச்சு வீடு மாதிரி பெயின்ட் அடிச்சிருக்கினம். அம்பது வருசம் பீரங்கி வைச்சிருந்திட்டு, ஆமி விட்டிட்டுப் போட்டுது. இப்ப அகதி வழக்கு முடியுமட்டும் எங்களைப் போல பல நாட்டு ஆக்களை அதுக்குள்ள விட்டிருக்கினம். ஊரில அம்மா பயப்படக்கூடாதெண்டுதான் முன்னால நிண்டு படமெடுத்தனான். உங்களுக்கும் அதையே அனுப்பினன்.”

தவமணியின் குரல் இறங்கிவிட்டது.

“அப்ப... அந்த எட்டு யன்னல்?”

“உள்ளுக்கு ஒரு யன்னலும் இல்லை, அக்கா.”