எழுதிக் கொடுத்தவர்

போனை ஸ்பீக்கரில் போட்டு டாக்டரின் மேசைமேல் வைத்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர். இந்தப் பக்கம் அவள். போனுக்குள் வளைகுடாவில் ஏதோ ஒரு விமான நிலையம். அங்கே திறந்து கிடக்கும் பெட்டி, போலீஸ்காரர்கள், நடுவில் அவள் புருஷன் பழனிமுத்து.

பெட்டியில் முதுகுவலி மாத்திரை இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் அதை அந்த நாட்டுக்குள் கொண்டுபோனால் ஜெயில்.

சீட்டு இருந்தது. அதனால்தான் அவள் இன்னும் அழவில்லை.

வெளிநாடு கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் கோயிலுக்குப் போவார்கள். அங்கிருந்து நேரே இங்கே. முதுகுக்கு, வயிற்றுக்கு, சளிக்கு என்று மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். பழனிமுத்துவும் அப்படித்தான். கூட வந்தவள் அவள்.

"டாக்டருங்களா? போலீஸுக்குத் தமிழ்ல சொல்றவன் பேசுறேன். இந்தச் சீட்டு நீங்க எழுதினதா? ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

டாக்டர் பேனாவை மூடினார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் இருமுவதைக்கூட நிறுத்தினார்கள்.

"நான் எழுதலையே" என்றார்.

அவள் காதில் சரியாக விழவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள்.

"உங்க பேர் அச்சடிச்சிருக்கு. சீல் இருக்கு."

"சீல் யாரு வேணா செஞ்சுக்கலாம் சார். இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை."

போனுக்குள் ஏதோ தள்ளுமுள்ளு. பிறகு அவன் குரல்.

"டாக்டரு, நான்தான் டாக்டரு. கம்பி கட்டுற பழனிமுத்து. குப்புறப் படுக்கவச்சுத் தட்டிப் பார்த்தீங்களே. வெயிட்டு தூக்காதடான்னு சொன்னீங்களே டாக்டரு."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தைதான் டாக்டரு. விட்டுருவாங்க."

டாக்டர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

அவள் மேசையிலிருந்து போனை வெடுக்கென எடுத்தாள்.

"சார், நான் அவரு சம்சாரம். பொய் சொல்றாரு சார் இந்த ஆளு. இவருதான் எழுதினாரு. நான் பக்கத்துல நின்னேன். எந்தச் சாமி மேல வேணா சத்தியம் பண்றேன்."

"சரிம்மா. பதறாதீங்க. இவர் என்ன படிச்ச டாக்டர்?"

"டாக்டருக்குத்தான் படிச்சிருக்காரு."

"பேருக்குப் பின்னாடி எழுத்து இருக்கும்ல? பாத்துச் சொல்லுங்க. சீட்டுல அது அழிஞ்சிருக்கு."

போர்டு வாசலுக்கு வெளியே இருந்தது. அவள் நடந்தாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா" என்றார் டாக்டர். சத்தமில்லாமல் சொன்னார். அதுவரை அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

அதுவே அவளுக்குத் தெம்பாக இருந்தது. மாட்டிக்கொண்டான் என்று நினைத்தாள்.

வாசலில் நின்று, கையால் வெயிலை மறைத்து, சத்தமாக வாசித்தாள். ஊருக்கே கேட்கட்டும்.

"பி. எச். எம். எஸ்."

போனை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"கேட்டுச்சா சார்? பி. எச்..."

"கேட்டுச்சும்மா."

போனில் பேசியவர் அரபியில் யாரிடமோ ஏதோ சொன்னார். அவர்கள் ஏதோ சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள்.

"அது ஹோமியோபதிம்மா. அந்தப் படிப்புப் படிச்சவர் இந்த மாத்திரையை எழுதக் கூடாது. இங்கே மட்டும் இல்ல. உங்க ஊர்லயும் கூடாது."

"எல்லாருக்கும் எழுதுறாரே சார்."

"எழுதலாம். ஆனா அது சீட்டு இல்ல. சீட்டே இல்லாம கொண்டுவந்த மாதிரிதான் இப்ப."

"அவரு எழுதினது நிஜம் சார்."

"நிஜம்தான். நீங்களே சொல்லிட்டீங்க. போலீஸ்ல எழுதிக்கிட்டாங்க."

பின்னால் பழனிமுத்து அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். என்னடி சொன்ன, அவங்ககிட்ட என்னடி சொன்ன.

அதோடு போன் நின்றது.

மறுபடி அடித்துப் பார்த்தாள். அணைத்து வைத்திருந்தார்கள்.

உள்ளே போனாள். ஸ்பீக்கரை அணைக்க மறந்திருந்ததால் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள்.

பெஞ்சிலிருந்து ஒருவரும் எழுந்து போகவில்லை.

கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி மட்டும் பேசினாள். "இவரையும் பிடிச்சுட்டுப் போயிட்டா நாங்க எங்க போறது? உனக்கு இப்ப திருப்தியா?"

டாக்டர் யாரையும் பார்க்கவில்லை. "அடுத்தது யாரு?" என்றார்.

பச்சைச் சட்டை போட்ட ஒருவன் எழுந்தான். நடுவில் நின்ற அவளைச் சுற்றிக்கொண்டு போய்க் குப்புறப் படுத்தான். டாக்டர் முதுகைத் தட்டினார்.

"என்னைக்குக் கிளம்புற?"

"வியாழக்கிழமைங்க."

அவள் வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே காகிதம் கிழிகிற சத்தம். சீல் குத்துகிற சத்தம் வரவில்லை.

"மருந்துக் கடையில நான் சொன்னேன்னு சொல்லு. கொடுத்துடுவான்."

பச்சைச் சட்டைக்காரன் வெளியே வந்தான். செருப்பைப் போட்டான். போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. ஒரு படி இறங்கி அவளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கையில் டாக்டர் பெயரோ சீலோ இல்லாமல் மாத்திரை மட்டும் எழுதிய வெள்ளைத்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அண்ணன் மாத்திரையைப் பெட்டியில எங்க வச்சிருந்தாரு?"

அவள் அவனைப் பார்த்தாள். இருபத்தஞ்சு இருக்கும். கழுத்தில் இவன் கட்டிய புதுத் தாலியோடு எவளோ ஒருத்தி வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

கொண்டுபோகாதே என்று ஒரு வார்த்தை.

நாக்கு நுனிவரை வந்தது.

"மேலாப்புல" என்றாள். "துணிக்கு மேல."

"அதான் மாட்டியிருக்கு. நான் ஊறுகா டப்பாவுக்குள்ள போட்டுக்கட்டுமா?"

உள்ளே டாக்டர் யாரையோ நாக்கை நீட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போட்டுக்க" என்றாள். "யார் எழுதிக் கொடுத்ததுன்னு கேட்டா மட்டும் மறக்காம இவரு பேரைச் சொல்லு."